அறுபத்துமூன்று துளிகள்

நான் முன்பு இருந்த ஆய்வுக்கூடத்தில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் போன வாரம் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். கடைகளில் புதிதாக ஒரு சலவைத் தூள் வந்திருக்கிறதாம். உப்புத் தண்ணீரிலும் நுரைக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு ஒரே தேய்ப்பில் போய்விடுகிறது, வடிசாலைப் பாத்திரங்களை இனி இதைக் கொண்டே கழுவலாமா என்று கேட்டிருந்தார்கள். கடைசி வரியில், ஓய்வில் இருக்கும் உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும் என்று இருந்தது.

எனக்கு வயது முப்பத்திரண்டு. ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் எதிரில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் வாசனை எண்ணெய் வடிக்கும் இடத்தில் மூக்கு போனவளுக்கு வேலை இல்லை. போன ஆண்டு வந்த ஒரு காய்ச்சல், இறங்கும்போது என் மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்பது ஆண்டு வேலை.

அந்தப் பெண்களின் கேள்விக்குப் பதில் ஒரு வரிதான். தூளைக் கொண்டு கழுவலாம். ஆனால் அலசிய தண்ணீர் துளிக்குழாயிலிருந்து எத்தனை துளியாக விழுகிறது என்று எண்ணிப் பார்த்து, நாற்பத்தெட்டு வரும்வரை அலச வேண்டும். இந்த விதி ஆய்வுக்கூடச் சுவரில் ஏற்கெனவே எழுதித்தான் இருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்று எழுதி இல்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் மேல்கோட்டையிலிருந்து வந்தது. நான் படித்தது எல்லாம் மைசூரில்தான். வேதியியலில் பட்டம் வாங்கிய ஆண்டு, நகரத்தை விட்டுச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு வெட்டிவேர் வடிசாலையில் உதவி வேதியியலர் வேலை காலி என்று அப்பாவுக்குத் தெரிந்தவர் சொன்னார். போனேன், சேர்த்துக்கொண்டார்கள். சுதந்திரம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பெண் ஒருத்தி வடிசாலைக்குள் வந்து தெர்மாமீட்டரை நீட்டுவது அங்கே எல்லோருக்கும் புதிது. முதல் மாதம் என் பெயர் 'கஷாயம்மா'. அதற்குள் நான் இருபது பக்கம் எழுதியிருந்தேன். எங்கே எந்தக் குழாய் போகிறது, எந்த வால்வு எந்தப் பக்கம் திரும்பும், யாரிடம் எந்தச் சாவி. பட்டியல் போடாமல் எனக்கு ஓர் இடம் பிடிபடாது.

வேலை இப்படி நடக்கும். வெட்டிவேரைக் கழுவி, நறுக்கி, ஊறவைத்து, வாலை என்று சொல்லும் ஆள் உயரச் செப்புக் கலத்தில் அடைப்போம். அடியிலிருந்து நீராவி ஏறும். ஆவி வேரின் எண்ணெயைச் சுமந்துகொண்டு மேலே போய், குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாயில் இறங்கி, மறுபடி நீராகி, கீழே ஒரு செப்புப் பாத்திரத்தில் சொட்டும். நீண்ட கழுத்தும் பக்கவாட்டில் மூக்கும் வைத்த அந்தப் பாத்திரத்தை எல்லோரும் கூஜா என்பார்கள். கூஜாவுக்குள் எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாகப் பிரியும். தண்ணீர் மூக்கு வழியாக வழிந்து, ஒரு குழாயில் திரும்பவும் வாலைக்கே போய்விடும். அதில் கரைந்திருக்கும் கொஞ்சம் எண்ணெயும் வீணாகக் கூடாது என்பதற்காக.

வெட்டிவேர் எண்ணெயில் ஒரு சிக்கல் உண்டு. அதன் கனமும் தண்ணீரின் கனமும் ஏறக்குறைய ஒன்று. மேலே மிதப்பதா, கீழே இறங்குவதா என்று தீர்மானிக்காமல் துளித்துளியாக நடுவில் நிற்கும். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதானால்தான் பிரியும். கூஜாவைக் கதகதப்பாக வைத்து அதைப் பொறுமையாகச் சேர வைக்க வேண்டும். அதைச் செய்தவர் மாதேசன்.

மாதேசனுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஹனூர் பக்கம். பதினொரு ஆண்டாக மூன்று வாலைகளையும் கூஜா அறையின் சாவியையும் அவர்தான் வைத்திருந்தார். அந்த எண்ணெய்க்கு அவர் வைத்த பெயர் 'சோம்பேறி'. "சோம்பேறி இன்னிக்கு எந்திரிக்க மாட்டீங்கறான் அம்மிணி, தட்டி எழுப்போணும்" என்று கூஜாவின் வயிற்றை விரல் மடக்கித் தட்டுவார். சொட்டும் சத்தத்தைக் கேட்டே சுருளில் தண்ணீர் சூடாகிவிட்டது என்று சொல்லிவிடுவார். நான் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். "உங்க கண்ணாடிக் குச்சியும் என்ற காதும் ஒரே ஊருதானுங்க" என்பார்.

என் மேலதிகாரி வெங்கட ராவ், தலைமை வேதியியலர். தாய்மொழி கன்னடம்; சென்னையில் படித்ததால் தமிழும் வரும். ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, மரஸ்டூல்தான். கோபம் வந்தால் அவர் குரல் தாழும். பிழை இருக்கும் நோட்டை அவர் படிக்க மாட்டார். நம் பக்கமாகத் திருப்பி வைத்து, "ஓதம்மா" என்பார். நம் கையெழுத்தை நாமே உரக்கப் படிக்க வேண்டும். பிழை வரும் இடத்தில் நம் குரலே நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

தினமும் காலை பத்து மணிக்குத் துளி எண்ண வேண்டும் என்பது அவர் வைத்த ஒழுங்கு. நடுவில் குமிழ் போல உப்பிய ஒரு கண்ணாடிக் குழாய். குமிழின் மேலும் கீழும் ஒவ்வொரு கோடு. மேல் கோடுவரை நீரை உறிஞ்சி, செங்குத்தாகப் பொருத்தி, கீழ்க் கோட்டுக்கு இறங்கும்வரை எத்தனை துளி விழுகிறது என்று எண்ண வேண்டும். சன்னல் சாத்தியிருக்க வேண்டும். மேசையில் யாரும் சாயக் கூடாது. குழாயின் நுனியில் விரல் பட்டுவிட்டால், அமிலத்தில் ஊறவைத்து மறுபடி முதலிலிருந்து. மூன்று முறை எண்ணி மூன்றையும் எழுத வேண்டும்.

இதற்குப் பின்னால் இருக்கும் விஷயம் எளிது. தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி. குழாயின் நுனியில் தொங்கும் துளியை அந்தத் தோல்தான் தாங்குகிறது. துளி பருத்து, கழுத்து மெலிந்து, தோல் தாங்க முடியாதபோது விழும். சோப்பு மாதிரியான ஒரு பொருள் ஒரு சிட்டிகை கலந்தாலும் அது நீரின் உள்ளே தங்காமல் மேற்பரப்புக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். தோல் தளரும். துளி பருக்கும் முன்பே விழும். அதே அளவு நீரில் துளிகள் கூடும். எங்கள் குழாயில் சுத்தமான நீர் நாற்பத்தெட்டு துளி. வெட்டிவேர் வடிநீர் ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று.

அதே பொருள் குமிழியையும் மாற்றும். சுத்தமான நீரில் குமிழி வந்ததும் உடையும்; சோப்பு நீரில் நின்று நுரையாகும். எண்ணெய்த் துளியையும் மாற்றும். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் வேலி கட்டிவிடும். இரண்டு துளிகள் முட்டிக்கொண்டாலும் சேராது. பிரிய வேண்டிய எண்ணெய் தண்ணீருக்குள்ளேயே பொடிப்பொடியாக நின்று, தண்ணீர் வெள்ளையாகத் தெரியும். இந்த மூன்றும் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

நான் சேர்ந்த மூன்றாம் ஆண்டு தசரா. அதற்கு முந்தைய பருவத்தில் இரண்டாம் வாலையில் எலுமிச்சம்புல் வடித்திருந்தோம். அந்த வாசனை சுருள் குழாயில் ஒட்டிக்கொண்டு வெட்டிவேரிலும் லேசாக வருகிறது என்று ராவ் ஒருநாள் சொன்னார். யாரையும் குறை சொல்லவில்லை. காகிதத் துண்டில் எண்ணெயைத் தொட்டு மோந்துவிட்டு, "புல் இன்னும் போகவில்லை" என்றார், அவ்வளவுதான். அது மாதேசனுக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

ராவின் மகளுக்குப் பிரசவ நேரம். தசராவுக்கு முன்பே அவர் ஷிமோகா போய்விட்டார். மூன்று வாரம் ஆய்வுக்கூடம் என் பொறுப்பு. ஆயுத பூஜை அன்று காலை நான் உள்ளே வரும்போது, குழாயடியில் மாதேசன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூந்திக்கொட்டையை நசுக்கிக்கொண்டிருந்தார். மைசூரில் அதை அண்டுவாளம் என்பார்கள். பட்டுத் துணிக்கும் வெள்ளிச் சாமானுக்கும் அதுதான்.

"என்ன மாதேசன், வீட்டுல பட்டுப் புடவை ஏதாவது துவைக்கணுமா?" என்றேன்.

"பட்டுக்கு நான் எங்கீங்க போறது? இது நம்ம ரெண்டாம் நெம்பர் மிசினுக்கு. வெளிய மட்டும் தொடச்சுப் பொட்டு வெச்சா ஆச்சுங்களா? வயித்துக்குள்ள புல்லு நாத்தம் வெச்சுக்கிட்டுப் பூசைக்கு நிக்குமா அது? காச்சி ஊத்தி வெச்சாப் பொழுதோட அலசிப்போடலாமுங்க."

"சோப்பு போட்டாலே போகுமே."

"சோப்புல கொழுப்பு இருக்குதுன்னு சொல்றாங்கல்லங்க. சாமி காரியத்துக்கு ஆகாது."

நான் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். நோட்டில் தேதியைப் போட்டு, 'குழாயடியில் பூந்திக்கொட்டை; இரண்டாம் வாலைச் சுருள் சுத்தம்' என்று எழுதினேன். அந்த வரி இன்றும் இருக்கிறது.

பூஜை சாயங்காலம் என்றுதான் ஏற்பாடு. ஆனால் பெங்களூரிலிருந்து முதலாளி காலையிலேயே காரில் வந்துவிட்டார். மாலையில் அவருக்கு வேறு எங்கோ அழைப்பு. மானேஜர் முதலியார் உச்சிவேளைக்கே பூஜையை முடித்துவிடச் சொன்னார். மாதேசன் அவசரமாகச் சுருளிலும் கூஜாவிலும் ஊறிக்கொண்டிருந்த நீரைத் திறந்துவிட்டார். அலச நேரமில்லை. வெளியே துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைத்தாயிற்று. பூஜை ஆன இயந்திரத்தில் மறுநாள் நல்ல நேரம்வரை யாரும் கை வைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றுவது என்ற பேச்சே இல்லை. விஜயதசமி காலை நல்ல நேரத்தில், அந்தப் பருவத்தின் முதல் வேரை அடைத்து ஆவியைத் திறந்தார்கள். இரண்டு பேரைக் காவலுக்கு வைத்துவிட்டு மற்றவர்கள் யானை ஊர்வலம் பார்க்க ஓடினார்கள். பூந்திக்கொட்டையின் கூழ் சுருளின் கடைசி வளைவில் காய்ந்து ஒட்டியிருந்தது. அது யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை நான் வந்ததும் மாதேசன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"தண்ணி பாலாட்டம் வருதுங்க அம்மிணி. சோம்பேறி எந்திரிக்கவே மாட்டீங்கறான். தட்டியும் பாத்துட்டேன்."

போய்ப் பார்த்தேன். கூஜாவில் வழிந்த நீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. மேலே விரல் கனம் நுரை. இரண்டு புட்டிகளில் பிடித்து மெழுகு வைத்து மூடினேன். ஒவ்வொரு வடிப்புக்கும் இரண்டு புட்டி எடுத்து வைப்பது ராவின் ஒழுங்கு. தனியாகக் கொஞ்சம் எடுத்துப் பத்து மணிக்குத் துளி எண்ணினேன். அறுபத்துமூன்று. மறுபடி அறுபத்துமூன்று. மூன்றாவது முறை அறுபத்துநான்கு. எழுதினேன். புது வேர், பருவத்தின் முதல் வேர், அதனால் இருக்கலாம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன்.

பதினோரு மணிக்கு மாதேசன் மறுபடி வந்தார். திரும்பிப் போகும் தண்ணீரால் வாலைக்குள் நுரை பொங்கி, வேரின் சேறு சுருளுக்கே ஏறிவிடும் போல இருந்தது.

"என்ன பண்றதுங்க?"

"தண்ணியத் திருப்ப வேண்டாம். வால்வைத் திறந்து கால்வாயில விட்டுடுங்க."

அவர் உடனே போகவில்லை. "இந்தத் தண்ணியையா? வாசம் ஆளத் தூக்குதுங்களே."

"வெட்டிவேர்த் தண்ணி எப்பவும் வாசனையாத்தான் இருக்கும். விடுங்க, நான் பாத்துக்கறேன்."

போய்த் திறந்துவிட்டார். மறுநாள் வடிப்பு முடியும்வரை அந்த வெள்ளைத் தண்ணீர் கால்வாயில் ஓடியது. நான் சொன்னதை நோட்டில் எழுதவில்லை. அளந்தவற்றைத்தான் எழுதுவேன், சொன்னவற்றை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

எண்ணெய் வழக்கமான அளவில் பாதிகூட வரவில்லை. இரண்டாம் வடிப்பிலும் குறைவு. அந்தப் பருவத்தின் முதல் வேர் என்பதால் பெங்களூருக்கு எடையைச் சொல்லியாக வேண்டும். முதலியார் என்னையும் மாதேசனையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கிளார்க் ஒருவரும் இருந்தார்.

"வேர் நல்ல வேரு. பாய்லர்ல கோளாறு இல்ல. எண்ணெய் எங்கப்பா போச்சு?" என்றார் முதலியார்.

"தெரியலீங்க. தண்ணி வெள்ளையா வந்துதுங்க."

"கூஜா ரூம் சாவி யாருகிட்ட?"

"என்றகிட்டத்தானுங்க."

"வால்வைத் திறந்து தண்ணிய வெளிய விட்டது யாரு?"

"நான்தானுங்க."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. முதலியாரைப் பார்த்தே சொன்னார். அவர் கை திறந்தது, ஆகையால் அவர் திறந்தார். அந்தக் கேள்விக்கு அது சரியான பதில் என்று எனக்குத் தோன்றியது. யார் சொல்லித் திறந்தாய் என்று அடுத்த கேள்வி வரும், அப்போது சொல்லலாம் என்று நின்றேன். அடுத்த கேள்வி என்னிடம் வந்தது.

"நீங்க சொல்லுங்கம்மா, படிச்சவங்க. அந்தத் தண்ணியோடவே இவ்வளவு எண்ணெயும் போயிருக்குமா?"

வடிநீரில் எவ்வளவு எண்ணெய் போகும் என்பதற்கு எங்களிடம் ஓர் அட்டவணை இருந்தது. எனக்கு அது மனப்பாடம். அது தெளிந்த வடிநீருக்கான அட்டவணை.

"இவ்வளவு போகாது" என்றேன்.

முதலியார் எழுந்து வந்து மாதேசனின் சட்டைத் தோளை மோந்து பார்த்தார். "இதுவே மணக்குதே" என்றார். கிளார்க் சிரித்தார். அங்கே வேலை செய்யும் எல்லோருடைய சட்டையும் மணக்கும். என் புடவையும் மணக்கும். மாதேசன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"அம்மிணி சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். ஆனா நான் எடுக்கலீங்க" என்றார்.

'நீர் வழி இழப்பு வழக்கமான அளவே' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று மத்தியானமே அவரை அனுப்பிவிட்டார்கள். போலீசுக்குப் போகவில்லை என்பதையே பெரிய தயவாகச் சொன்னார்கள். வடிசாலைக்கு வடிசாலை செய்தி போய்விடும். இனி எங்கும் அவரைக் கூஜா அறைக்குள் விடமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரும் மனைவியும் பஸ் ஏறிப் போனதை நான் பார்க்கவில்லை. பத்து மணித் துளி மூன்று முறைக்கு ஒரே எண்ணாக வராமல், சாயங்காலம்வரை திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வடிப்பில் எண்ணெய் ஏறக்குறைய முழு அளவு வந்தது. நான்காம் வடிப்பில் குறைவே இல்லை. தண்ணீர் தெளிந்தது. துளி ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது. முதலியார் சந்தோஷமாக வடிசாலையைச் சுற்றி வந்தார். "ஆளு போனான், எண்ணெய் வந்துது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். எனக்கும் அது சாட்சியாகவே பட்டது. அதை மறைத்துப் பயனில்லை. அந்த இரண்டு வாரமும் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ராவ் திரும்பி வந்தார். பேரன் பிறந்திருந்தான், காகிதப் பொட்டலத்தில் சர்க்கரை கொடுத்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று வார நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். நோட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"ஓதம்மா."

படித்தேன். "இரண்டாம் வாலை. முதல் வடிப்பு. நீர் வெள்ளை. நுரை விரல் கனம். துளி அறுபத்துமூன்று, அறுபத்துமூன்று, அறுபத்துநான்கு."

"முன்னாலே."

இரண்டு பக்கம் திருப்பினேன். "குழாயடியில் பூந்திக்கொட்டை. இரண்டாம் வாலைச் சுருள்..."

அங்கே என் குரல் நின்றது.

எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. பூந்திக்கொட்டை ஒரு பக்கத்தில், வெள்ளைத் தண்ணீர் ஒரு பக்கத்தில், நுரையும் துளியும் அதற்கடுத்த வரிகளில். ஒன்றை ஒன்று தொடாமல் வரிசையாக எழுதி வைத்திருந்தேன்.

ராவ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புட்டி இதெயா?" என்று, இருக்கிறதா என்பதைக் கன்னடத்தில் கேட்டார். இருந்தது. இரண்டுமே இருந்தன. இரண்டு வாரத்துக்கு மேலாகியும் வெள்ளையாகவே இருந்தன. ஒரு துளிகூடச் சேர்ந்திருக்கவில்லை. ஒன்றின் மெழுகை உடைத்து உப்புப் போட்டு, சில சொட்டு ஸ்பிரிட் விட்டு, வெந்நீர்த் தொட்டியில் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளை நடுவே விரிசல் விட்டது. கலங்கல் மெல்ல ஒதுங்கி, மேலே பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் கூடியது. அந்த வளையத்தை எடுத்து எடை போட்டு, கால்வாயில் விட்ட தண்ணீரின் அளவோடு பெருக்கினேன். காணாமல் போன எண்ணெய் ஏறக்குறைய முழுவதும் கணக்கில் வந்துவிட்டது.

"வெளியே விடச் சொன்னது யாரு?" என்று கேட்டார் ராவ்.

"நான்."

அவர் குரல் மிகவும் தாழ்ந்தது. "பழைய ரிப்போர்ட்டைத் திருத்தாதே. அது அப்படியே இருக்கட்டும். புதிதாக ஒன்று எழுது. முதல் வரியிலே அதை எழுது."

எழுதினேன். முதல் வரி, 'வடிநீரை வெளியே விட்டது என் உத்தரவின் பேரில்.' முதலியார் அதைப் படித்துவிட்டு, போன ஆளுக்காக இதெல்லாம் எதற்கு என்றார். ராவ் நான்கு நாள் தினமும் அவர் அறை வாசலில் போய் நின்றார். ஐந்தாம் நாள் டைப் அடித்த கடிதம் ஒன்று வந்தது, ஆங்கிலத்தில். மாதேசன் எண்ணெய் எதையும் எடுக்கவில்லை. சுருள் குழாயைச் சுத்தம் செய்தபோது தங்கிய பூந்திக்கொட்டையால் எண்ணெய் பிரியாமல் நீரோடு போய்விட்டது. விரும்பினால் வேலைக்குத் திரும்பலாம். என் முதல் வரி அதில் இல்லை. தபாலில் போட வேண்டாம், நான் கொண்டுபோகிறேன் என்றேன்.

கொள்ளேகால் போய், பஸ் மாறி, ஹனூரில் இறங்கினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது மத்தியானம். மாதேசன் வேறொருவர் தோட்டத்தில் கிணற்று மண் வாரப் போயிருந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அவருடைய மனைவி சித்தம்மா என்னை உள்ளே கூப்பிடவில்லை. விஷயத்தைச் சொன்னேன். கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இங்கிலீசுல இருக்குதே. இந்த ஊர்ல இத ஆரு படிப்பாங்க? கள்ளன்னு சொன்னது மட்டும் தமிழுலயும் வந்துது, கன்னடத்துலயும் வந்துது."

"நான் படிச்சுச் சொல்றேன்."

"எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன ஆவுது? இப்படி வாசல்ல வந்து நில்லுங்க. சத்தமாப் படிங்க."

பக்கத்து வீட்டுக்காரர்களை அவரே கூப்பிட்டார். பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். மாதேசன் மண் காலோடு வந்து ஓரமாக நின்றார். "வாங்க அம்மிணி" என்றார். இளைத்திருந்தார். நான் கடிதத்தைப் பிரித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மாதேசன் எண்ணெய் எதையும் எடுக்கவில்லை என்ற வரிக்குச் சித்தம்மா, "கேட்டீங்களா? கேட்டுக்கிட்டீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்தது பூந்திக்கொட்டை வரி. அங்கே ஒரு கணம் நின்றேன். அதை விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு வரியை எழுதாமல் விட்டதால் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. படித்தேன். பிறகு, தண்ணீரை வெளியே விடச் சொன்னது வேதியியலர்தான், மாதேசன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார் என்றும் சொல்லி முடித்தேன்.

கூட்டம் கலைந்தது. சிலர் மாதேசனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். சித்தம்மா உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்தார். மாதேசன் என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"கடைசியாச் சொன்னீங்களே, அது காயிதத்துல இல்லீங்களே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க காயிதத்தப் பாக்காமச் சொன்னீங்க."

அவர் தன் கைகளில் ஒட்டியிருந்த மண்ணை உதிர்த்தார்.

"பூந்திக்கொட்டை மட்டும் காயிதத்துல இருக்குதுங்களா?"

"இருக்கு."

"அப்ப நான் கழுவுனதாலதான் அத்தனையும் போச்சுங்களா?"

அலச விடாமல் பூஜையை முன்னால் வைத்தார்கள் என்றேன். தண்ணீரை விடச் சொன்னது நான் என்றேன். துளி எண்ணிக்கையைப் பார்த்தும் புரியாமல் இருந்தது நான் என்றேன். வரிசையாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

"கள்ளன்னு சொன்னப்பக்கூட எனக்கு ஒண்ணும் இல்லீங்க அம்மிணி. நான் எடுக்கலேன்னு எனக்குத் தெரியுமில்லீங்களா. அந்த மிசினுக்கு எங்கையால ஒரு கெடுதலும் வந்ததில்லேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

வேலைக்குத் திரும்ப வரவில்லை. நான் திரும்பவும் இரண்டு முறை எழுதிப் போட்டேன். அதிலிருந்து மூன்றாம் ஆண்டு அவர் குடும்பத்தோடு மேட்டூர் பக்கம் போய்விட்டதாக ஹனூரிலிருந்து வந்த ஒரு வேர் வியாபாரி சொன்னார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பெண்களுக்கு எழுத வேண்டியது இனிக் கொஞ்சம்தான். புதுத் தூள் பூந்திக்கொட்டையைவிடப் பல மடங்கு வேகமாக வேலை செய்யும். வேலியும் அதே அளவுக்கு உறுதியாகக் கட்டும். அலசிய நீர் நாற்பத்தெட்டு வரும்வரை அலசுங்கள். வாலைக்காரரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எண்ணுங்கள், அவரும் எண்ணட்டும். அளந்ததை எழுதும் பக்கத்திலேயே, அன்று யாரிடம் என்ன சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இரண்டாவது புட்டி என்னிடம் இருக்கிறது. வேலையை விட்டபோது ராவ் அதைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன். இந்தக் கட்டுரையை எழுத நேற்று அதை எடுத்துப் பார்த்தபோது, உப்பும் இல்லாமல் சூடும் இல்லாமல் அதுவாகவே தெளிந்திருந்தது. கீழே கண்ணாடி போலத் தண்ணீர். மேலே பழுப்பு வளையம். மெழுகை உடைத்து மூக்கருகே கொண்டுபோனேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. புட்டி கையில் இருக்க, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஆத்துக்குள்ளே பூரா வெட்டிவேர் மணக்கறதே! யாருடி திறந்து விட்டது?"

"நான்தான்" என்றேன்.